0.38 ஓமும் 40 ஓமும்: வீட்டுத் தோட்டத்திலிருந்து 475 கிலோஹெர்ட்ஸ்

வீட்டுக்குப் பின்னால் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பி. அதன் உச்சியில் இரு பக்கமும் 12 மீட்டர் வீதம் கிடைமட்டமாக நீளும் இன்னொரு கம்பி. ஆங்கில 'டி' (T) எழுத்தைப் போல நிற்கும் இந்த ஆன்டெனாவுக்கு 475 கிலோஹெர்ட்ஸில் 36 வாட் கொடுத்தால், வானொலி அலையாக வெளியேறுவது ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் அத்தனையும் மண்ணையும் மரங்களையும் காயிலையும் சூடாக்கித் தீர்ந்துபோகும். தாழ் அதிர்வெண்ணில் வீட்டிலிருந்து ஒலிபரப்பிப் பார்க்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதிக்கவேண்டியது இந்தக் கணக்கைத்தான். எந்த டிரான்ஸ்மிட்டர் வாங்குவது என்ற கேள்வி அதற்கு வெகுதூரம் பின்னால் வரும்.

475 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 631 மீட்டர். கால் அலை ஆன்டெனா வேண்டுமானால் 158 மீட்டர் கோபுரம் கட்டவேண்டும். 12 மீட்டர் என்பது அலைநீளத்தில் 53-ல் ஒரு பங்கு. இது வீட்டுக்காரருக்கு மட்டும் உள்ள இக்கட்டு என்று எண்ணவேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிகளுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அங்கே 471 மீட்டர் உயரக் கம்பம் நிற்கிறது. இந்தியாவில் மனிதர் கட்டியவற்றில் அதைவிட உயரமானது இல்லை. ஆனால் 18.2 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ராட்சதக் கம்பமே தன் அலைநீளத்தில் 35-ல் ஒரு பங்குதான். தாழ் அதிர்வெண்ணில் எல்லா ஆன்டெனாவும் குட்டைதான். குட்டை ஆன்டெனாவை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே முழுப்பாடமும்.

எந்தப் பட்டைகள், எவ்வளவு சக்தி

ஹாம்களுக்கு, அதாவது உரிமம் பெற்று பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்களுக்கு, இந்தப் பகுதியில் உலக அளவில் இரண்டு பட்டைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 2200 மீட்டர் பட்டை 2007-ம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில் கிடைத்தது. உச்சவரம்பு 1 வாட் இஐஆர்பி (ஆன்டெனாவிலிருந்து பரவும் சக்தியின் அளவு; விளக்கம் கீழே). 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 630 மீட்டர் பட்டை 2012 மாநாட்டில் வந்தது. அதற்கும் பொதுவாக 1 வாட். சில நாடுகளின் எல்லையிலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் 5 வாட் வரை அந்தந்த அரசு அனுமதிக்கலாம். இரண்டிலும் ஹாம்கள் இரண்டாம் நிலைப் பயனாளர்கள். முதல் நிலையில் இருப்பவருக்கு இடையூறு வந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

இந்தப் பட்டைகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1912-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஹாம்களை 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. நீண்ட அலைகள்தான் மதிப்புள்ளவை, மற்றவை எதற்கும் உதவாதவை என்பது அன்றைய நம்பிக்கை. பிரிட்டன் 1996-ல் 73 கிலோஹெர்ட்ஸில் ஒரு குறுகிய பட்டையைச் சோதனைக்காகத் திறந்து 2003 வரை வைத்திருந்தது. அமெரிக்கா 2017-ல்தான் இரண்டு பட்டைகளையும் திறந்தது. 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அபாய அழைப்புக் கேட்கும் கடமை 1999-ல் முடிவுக்கு வந்து, அதன் பக்கத்து வெளி காலியானதும் 630 மீட்டர் பட்டை கிடைத்ததற்கு ஒரு காரணம்.

அமெரிக்க விதிகள் தெளிவானவை என்பதால் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆன்டெனா 60 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மின்கடத்தல் பாதைகளிலேயே தகவல் சமிக்ஞை அனுப்பும் மின்நிறுவனங்கள் இதே அதிர்வெண்களைப் பயன்படுத்துவதால், அப்படிப்பட்ட பாதையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கவேண்டும். நிலையத்தின் இடத்தை முன்கூட்டிப் பதிவுசெய்து, 30 நாள் மறுப்பு வராமல் இருந்தால்தான் தொடங்கலாம். மற்ற நாடுகளில் இருப்பவர் தம் கையிலுள்ள உரிமத்தில் இந்தப் பட்டை பெயரோடு இருக்கிறதா என்று பார்த்தபின்பே சாவியை அழுத்தவேண்டும். உலக ஒதுக்கீடு இருப்பதாலேயே உள்நாட்டு அனுமதி வந்துவிடாது.

இஐஆர்பி என்பது எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. தரைமேல் நிற்கும் குட்டைக் கம்பி அடிவானப் பக்கமாகச் சக்தியைக் குவிப்பதால் 3 மடங்கு கூடுதலாகக் கணக்கில் வரும். எனவே 1 வாட் இஐஆர்பி என்றால் ஆன்டெனாவிலிருந்து உண்மையில் கிளம்பவேண்டியது 0.33 வாட்.

ஆன்டெனாவின் கணக்கு

கம்பி எவ்வளவு சக்தியை அலையாக மாற்றுகிறது என்பதை ஒரு மின்தடையாகச் சொல்வது வழக்கம். அதுதான் கதிர்வீச்சு மின்தடை. ஆன்டெனாவின் செயல் உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1,580-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். செயல் உயரம் என்பது கம்பியின் உயரம் அல்ல. வெறும் செங்குத்துக் கம்பியில் மின்னோட்டம் அடியில் முழுதாகவும் நுனியில் பூச்சியமாகவும் இருப்பதால் செயல் உயரம் பாதியாகிவிடும். உச்சியில் கிடைமட்டக் கம்பி சேர்த்தால் மின்னோட்டத்துக்கு மேலே போக இடம் கிடைத்து, செங்குத்துக் கம்பி முழுவதும் வலுவாக ஓடும்.

இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். நிற்கும் கம்பிக்கு மீட்டருக்கு 6 பிகோஃபாரட், கிடைமட்டக் கம்பிக்கு மீட்டருக்கு 5 பிகோஃபாரட் என்ற தோராயம் வீட்டு அளவுகளுக்குப் போதும். 12 மீட்டர் நிற்பதற்கு 72, 24 மீட்டர் கிடப்பதற்கு 120. மொத்தம் 192 பிகோஃபாரட். செயல் உயரம் 9.75 மீட்டர். கதிர்வீச்சு மின்தடை 0.38 ஓம். 1 வாட் இஐஆர்பிக்கு ஆன்டெனா அடியில் 0.94 ஆம்பியர் ஓடவேண்டும். மண், சுற்றுப்புறம், காயில் எல்லாம் சேர்ந்த இழப்பு 40 ஓம் என்றால் தேவைப்படும் சக்தி 36 வாட்.

கிடைமட்டக் கம்பியை அறுத்துப் போட்டுவிட்டு அதே 12 மீட்டரை மட்டும் வைத்துப் பாருங்கள். செயல் உயரம் 6 மீட்டர். கதிர்வீச்சு மின்தடை 0.14 ஓம். கொள்ளளவு 72 பிகோஃபாரட் ஆகிவிடுவதால் காயில் 585 மைக்ரோஹென்றியிலிருந்து 1.56 மில்லிஹென்றிக்கு வளரும், அதன் இழப்பும் கூடவே வளரும். அதே 1 வாட்டுக்கு 1.5 ஆம்பியரும் 120 வாட்டும் தேவை. ஆன்டெனா அடியில் மின்னழுத்தம் 1,640 வோல்ட்டிலிருந்து 7,100 வோல்ட்டுக்கு ஏறும். 24 மீட்டர் கம்பியின் விலையில் கிடைக்கும் இந்த லாபத்தை வேறெதுவும் தராது. இடம் இருக்கும்வரை தலைப்பக்கத்துக்குக் கம்பி சேர்ப்பதுதான் முதல் வேலை. 'டி' போட இடமில்லை என்றால் ஒரே பக்கம் நீட்டிய தலைகீழ் 'எல்' வடிவமும் அதே பலன் தரும். இரண்டு இணைக்கம்பிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் நீட்டினால் கொள்ளளவு இரட்டிப்பாகாது; ஆனாலும் கணிசமாகக் கூடும்.

உயரத்தைக் கூட்டுவதும் உதவும். அதே தலைக்கம்பியோடு 12-லிருந்து 15 மீட்டருக்குப் போனால் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் மூன்று மீட்டர் உயர்த்துவதற்காகக் கம்பியை வேப்பமரத்துக்கு நடுவே கொண்டுபோய்க் கட்டினால் கிடைத்ததெல்லாம் கையைவிட்டுப் போகும். பச்சை மரம் நீர் நிறைந்த கடத்தி. ஆன்டெனாவின் மின்புலம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கும்போது மரமே ஒரு மின்தடையாக நிற்கிறது. மரத்தைத் தாங்கியாகப் பயன்படுத்தலாம். கம்பியின் நுனிக்கும் கிளைக்கும் இடையே மூன்று நான்கு மீட்டர் நைலான் கயிறு இருக்கட்டும்.

காயில்

192 பிகோஃபாரட் ஆன்டெனா 475 கிலோஹெர்ட்ஸில் 1,745 ஓம் கொள்மறுப்பாக, அதாவது கொள்ளளவு மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பாகத் தெரியும். அதை ரத்துசெய்ய அடியில் 585 மைக்ரோஹென்றி காயில் தொடரில் வரவேண்டும். 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயில், உறையோடு சேர்த்து 3 மில்லிமீட்டர் தடிமன் வரும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை நெருக்கமாகச் சுற்றினால் 88 சுற்றில் இது கிடைக்கும். சுற்றின் நீளம் 26-27 சென்டிமீட்டர். வயர் 45 மீட்டர் செலவாகும். ஆன்டெனாவின் கொள்ளளவு கணக்கோடு துல்லியமாக ஒத்துவராது என்பதால் 95 சுற்று சுற்றி, 70-வது சுற்றிலிருந்து நான்கு சுற்றுக்கு ஒரு இணைப்பு எடுத்துவைப்பது நல்லது.

இணைப்புகள் தோராயமாகத்தான் ட்யூன் செய்யும். நுண்மையாகச் சரிசெய்ய வேரியோமீட்டர் வேண்டும்: பெரிய காயிலை நடுவில் விரல் அகலம் இடைவெளி விட்டு இரு பாதியாகச் சுற்றி, உள்ளே 110 மில்லிமீட்டர் குழாய்த் துண்டில் 10 சுற்று சுற்றி, இடைவெளி வழியே ஒரு பிளாஸ்டிக் அச்சில் சுழலும்படி பொருத்துவது. சிறு காயிலைப் பெரியதோடு தொடரில் இணைத்தால், அது ஒரு திசையில் நிற்கும்போது மொத்தம் சுமார் 60 மைக்ரோஹென்றி கூடும். திருப்பிவிட்டால் அதே அளவு குறையும். 475 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிகோஃபாரட் மாறினாலே ஒத்ததிர்வு 1.2 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். காற்றில் கம்பி ஆடினாலோ, மழையில் இலைகள் நனைந்தாலோ இந்த மாற்றம் வரும். ஆகவே அந்த அச்சு வீட்டுக்குள்ளிருந்து திருப்பும்படி ஒரு சிறு கியர் மோட்டாரோடு இருந்தால் மழைநாளில் தோட்டத்துக்கு ஓடவேண்டாம்.

ரேடியோ மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். 475 கிலோஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. அதோடு அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று பாதிக்கும். அதனால் மல்ட்டிமீட்டரில் அரை ஓம் காட்டும் இந்தக் காயில் வேலை செய்யும்போது 7 ஓம் ஆகிறது. மெல்லிய எனாமல் கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய லிட்ஸ் வயர் இந்த 7 ஓமைப் பாதியளவுக்கும் கீழே கொண்டுவரும். ஆனால் மண் 33 ஓம் தின்னும் இடத்தில் காயிலில் 4 ஓம் மிச்சம் பிடிப்பதற்கு அத்தனை பணம் செலவிடுவது முறையான வரிசை அல்ல. மண்ணை முதலில் பாருங்கள்.

காயிலை வைக்கும் இடத்தில் பிழை அதிகம் நடக்கிறது. இரும்பு அலமாரி, தகரக் கூரை, கம்பி வேலி எதுவும் ஒரு காயில் விட்டத்துக்குள் வரக்கூடாது. வந்தால் இழப்பு கூடும், மதிப்பும் மாறும். மழை படாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கலாம், ஆனால் அடியில் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்கவேண்டும். மூடிய பெட்டிக்குள் இரவில் நீர் கோர்த்து, சுற்றுகளுக்கு நடுவே ஈரப்படலம் படிந்து, அதன் வழியே பொறி பறந்து, பிவிசி கருகிக் கரியாகும். கரி கடத்தும் பொருள் என்பதால் ஒருமுறை கருகிய இடம் மறுபடியும் மறுபடியும் அங்கேயே எரியும். அந்தக் குழாயைத் தூக்கிப்போடுவதுதான் வழி.

இன்னொரு எச்சரிக்கை. காயிலுக்கு மேல்பக்கம் 1,640 வோல்ட் என்பது உச்சத்தில் 2,300 வோல்ட். தொட்டால் தோலுக்கு அடியில் ஆழமாகச் சுட்டு, நாள்கணக்கில் ஆறாத புண் வரும். கை எட்டும் உயரத்தில் இருக்கும் கம்பிப் பகுதியைச் சுற்றி மரவேலியோ பிளாஸ்டிக் குழாயோ கட்டாயம். இடி மின்னல் வந்தால் ஆன்டெனாவைக் கழற்றி நேராக எர்த்தில் கட்டிவிடவேண்டும்.

மண்

40 ஓமில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஆன்டெனாவின் மின்புலம் சுற்றியுள்ள நிலத்தில் இறங்கி, மண் வழியே எர்த் முனைக்குத் திரும்புகிறது. மண் மோசமான கடத்தி. அந்தப் பாதையைச் செம்பாக மாற்றிக் கொடுப்பதே, ஆன்டெனா அடியிலிருந்து சக்கர ஆரங்களைப் போலத் தரையில் விரியும் ரேடியல் கம்பிகளின் வேலை. குட்டை ஆன்டெனாவுக்கு அடியில் மின்புலம் மிக அடர்த்தியாக இருப்பது கம்பிக்கு நேர் கீழேயும், உயரத்துக்குச் சமமான ஆரத்துக்குள்ளும்தான். ஆகவே 50 மீட்டர் நீளத்தில் நான்கு கம்பி போடுவதைவிட, 12 மீட்டர் நீளத்தில் பதினாறு போடுவது மேல். தலைக்கம்பி எந்தப் பக்கம் நீள்கிறதோ அதன் அடியிலும் கம்பிகள் ஓடவேண்டும். புல்லுக்கு அடியில் விரலளவு ஆழம் போதும். தோண்டிப் புதைப்பதால் ரேடியோ முறையில் கூடுதல் நன்மை இல்லை. ஒன்றரை மீட்டர் எர்த் கம்பிகள் நான்கை ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டராவது தள்ளி அடித்து மையத்தோடு இணைக்கலாம்.

முன்னேற்றத்தை ஊகிக்காமல் அளக்க எளிய வழி உண்டு. டிரான்ஸ்மிட்டரின் சக்தியை நிலையாக வைத்து, ஆன்டெனா அடியில் ஓடும் மின்னோட்டத்தை ஓர் அம்மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு ரேடியல் சேருங்கள், மறுபடி ட்யூன் செய்து பொருத்தத்தைச் சரிசெய்யுங்கள், மின்னோட்டத்தைப் பாருங்கள். 0.94 ஆம்பியர் 1.33 ஆனால் மொத்த மின்தடை பாதியாகிவிட்டது, அனுப்பும் சக்தி இரட்டிப்பு. அடுத்த நான்கில் ஏற்றம் குறைவாக இருக்கும், அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. ஊசி நகராத நிலை வந்தால் செம்பை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சியிருக்கும் இழப்பு மரங்களிலும் வீட்டுச் சுவரிலும் காயிலிலும் இருக்கிறது.

அந்த அம்மீட்டரை வீட்டிலேயே செய்யலாம். ஒரு ஃபெரைட் வளையத்தில் 50 சுற்று, அதன் குறுக்கே 50 ஓம் மின்தடை, வளையத்தின் நடுவே ஆன்டெனாவின் அடிக்கம்பி. 1 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் கிடைக்கும். ஆஸிலாஸ்கோப்பில் நேராகப் படிக்கலாம். ஒரு தடத்தில் இந்த மின்னோட்டத்தையும் இன்னொன்றில் காயிலுக்குக் கீழ்ப்பக்க மின்னழுத்தத்தையும் போட்டால் ட்யூனிங்கே கண்ணுக்குத் தெரியும். இரண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒத்ததிர்வு. மின்னோட்டம் பின்தங்கினால் காயில் பெரிதாகிவிட்டது, முந்தினால் போதவில்லை. ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவியான நானோவிஎன்ஏவை நேராக ஆன்டெனாவில் செருகி அளக்க முயல்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள்: உள்ளூர் மத்திய அலை நிலையத்தின் சமிக்ஞை அந்த நீளக் கம்பி வழியே உள்ளே வந்து அளவீட்டையே கலைத்துவிடும்.

பொருத்தத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். '77' வகைப் பெரிய ஃபெரைட் வளையத்தில் முதன்மை 20 சுற்று. துணைச் சுற்றில் 14-லிருந்து 24 வரை இரண்டிரண்டாக இணைப்புகள். 18-ல் எடுத்தால் 50 ஓம் 40 ஓமுக்குப் பொருந்தும், 16-ல் 32 ஓமுக்கு, 22-ல் 60 ஓமுக்கு. இரண்டு சுற்றையும் மின்தொடர்பில்லாமல் தனித்தனியாகச் சுற்றுங்கள். அப்போது வீட்டு மின் எர்த்தும் ஆன்டெனா எர்த்தும் பிரிந்துவிடும். வீட்டு வயரிங்கில் ஊரும் இரைச்சல் ஆன்டெனாவுக்கு வராது, ஆன்டெனாவின் மின்னோட்டமும் வீட்டு வயரிங்கில் நுழையாது.

டிரான்ஸ்மிட்டர்

இந்த அதிர்வெண்ணில் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்களைச் சுவிட்சாக ஓட்டும் 'டி' (D) வகுப்புச் சுற்று மிகச் சுலபமாக வேலை செய்யும். அலையை உருவாக்கும் எஸ்ஐ5351 சில்லிலிருந்து தேவையான அதிர்வெண்ணின் (475.7) இரட்டிப்பு, அதாவது 951.4 கிலோஹெர்ட்ஸ், அதை 74ஹெச்சி74 சில்லு இரண்டால் வகுத்து எதிரெதிரான இரு சதுர அலைகளைத் தரும், மாஸ்ஃபெட்டுகளை இயக்கும் டிசி4427 ஓட்டி, இரண்டு ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட், ஃபெரைட் வளையத்தில் 2+2 சுற்று முதன்மை, 7 சுற்று துணை. 13.8 வோல்ட்டில் கணக்குப்படி 38 வாட் வரும். இழப்புப் போக 35 எதிர்பார்க்கலாம். நமக்குத் தேவையான 36-க்கு வெகு அருகில்.

இதில் மாஸ்ஃபெட்டுகள் உயிரிழக்கும் வழிகள் இரண்டு, இரண்டும் அடிக்கடி நடப்பவை. முதலாவது, உள்ளீட்டு அதிர்வெண் நின்றுபோவது. கேபிள் கழன்றாலோ, மென்பொருள் ஒலிபரப்பை முடித்தாலோ 74ஹெச்சி74 கடைசி நிலையிலேயே உறைந்து நிற்கும். ஒரு மாஸ்ஃபெட் திறந்தபடியே இருக்கும். மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்று வழியே நேராகத் தரைக்குப் பாயும். ஃப்யூஸ் யோசிப்பதற்குள் மாஸ்ஃபெட் போய்விடும். ஓட்டிக்கும் மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் 'கேட்' முனைக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டரும், கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோஓமும், எதிர்த்திசையில் ஒரு டயோடும் வைத்தால் அலை நின்ற சில மில்லிவினாடிகளில் கேட் தானாக மூடிக்கொள்ளும். மின்வழங்கியில் மின்னோட்ட வரம்பை 4 ஆம்பியரில் நிறுத்திவைப்பதும் கட்டாயம்.

இரண்டாவது, ஃபில்டர். வழக்கமான வரைபடங்களில் தாழ்அலை ஃபில்டர் கெபாசிட்டரில் தொடங்கும். சதுர அலை தரும் இந்தச் சுற்றுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு மாறுதலின்போதும் அந்தக் கெபாசிட்டர் குறுக்குச்சுற்றாகத் தெரிந்து, மாஸ்ஃபெட்டில் கூரிய மின்னோட்ட முட்கள் ஓடும். சக்தி குறைவாக இருக்கும், சூடு மட்டும் ஏறும். ஃபில்டர் காயிலில் தொடங்கவேண்டும்: 16.6 மைக்ரோஹென்றி, 8 நானோஃபாரட், 28.6 மைக்ரோஹென்றி, 8 நானோஃபாரட், 16.6 மைக்ரோஹென்றி. டி106-2 இரும்புத்தூள் வளையத்தில் இவை முறையே 35, 46, 35 சுற்றுகள், 0.8 மில்லிமீட்டர் எனாமல் கம்பி ஒரே அடுக்கில் அடங்கும். 8 நானோஃபாரட்டுக்கு 6.8-ஐயும் 1.2-ஐயும் இணையாக வைக்கலாம். பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர்களே வேண்டும். மலிவான செராமிக் வகை சூடாகி மதிப்பு மாறும்.

இந்த ஃபில்டரை அலட்சியப்படுத்தக்கூடாத காரணம் பக்கத்து வீட்டு ரேடியோ. இரண்டாம் மடங்கு 951, மூன்றாம் மடங்கு 1,427 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் மத்திய அலை ஒலிபரப்புப் பட்டைக்கு நடுவே விழுகின்றன. தொலைபேசிக் கம்பி வழியே வரும் பழைய ஏடிஎஸ்எல் இணையமும் 26 முதல் 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. அருகில் அப்படி ஓர் இணைப்பு இருந்தால், தலைக்கம்பியைத் தொலைபேசிக் கம்பிக்கு இணையாக ஓடவிடாதீர்கள்.

மெதுவாகப் பேசும் முறைகள்

மோர்ஸில் பேசுவோர் 630 மீட்டரில் இன்றும் உண்டு. ஆனால் ஒரு வாட்டை வைத்துக்கொண்டு தூரம் போகவேண்டுமானால் நேரத்தைச் செலவிடவேண்டும். வானியற்பியலுக்காக 1993-ல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-ல் கொடுத்த விஸ்பர் முறை, அழைப்புக்குறி, இருப்பிடச் சதுரம், சக்தி ஆகிய மூன்றையும் 50 பிட்டில் அடக்கி 110.6 வினாடி நேரம் அனுப்புகிறது. அகலம் 6 ஹெர்ட்ஸ்தான். காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்திலிருந்து கணினி அதைப் படித்துவிடும். 630 மீட்டரில் விஸ்பர் 475.6-க்கும் 475.8-க்கும் நடுவே 200 ஹெர்ட்ஸ் வெளியில் ஓடுகிறது. 2200 மீட்டரில் 137.4 முதல் 137.6 வரை. ஒவ்வொரு இரட்டைப்படை நிமிடமும் தொடங்கி ஒரு வினாடியில் அனுப்பத் தொடங்கும் என்பதால் கணினியின் கடிகாரம் ஒரு வினாடிக்கு மேல் பிசகக்கூடாது. கேட்டவர்களிடமிருந்து அறிக்கை ஒன்றுகூட வரவில்லை என்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

தாழ் அதிர்வெண்களுக்கென்றே பின்னால் வந்த இதேபோன்ற முறை எஃப்எஸ்டி4டபிள்யூ. 120, 300, 900, 1,800 வினாடி என்று நீளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 120 வினாடியில் இரைச்சலுக்கு 33 டெசிபெல் கீழிருந்தும், 1,800 வினாடியில் 45 டெசிபெல் கீழிருந்தும் செய்தி கிடைக்கும். அரைமணி நேரம் பொறுத்திருப்பவருக்கு 12 டெசிபெல் கிடைக்கிறது, அதாவது சக்தியைப் பதினாறு மடங்காக்கியதற்குச் சமம். விலை என்னவென்றால் அதிர்வெண்ணின் நிலைப்பு. அந்த நீளத்தில் ஒலிகளுக்கு இடையே 0.089 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சாதாரணப் படிகம் மின்விசிறிக் காற்று பட்டாலே அதைவிட அதிகம் நகரும். ஜிபிஎஸ் கட்டுப்பாட்டில் ஓடும் அலையியற்றி இங்கே அவசியம், கேட்கும் பக்கத்திலும்.

ஒரு பட்டை கீழே இறங்கினால்

அதே 'டி' ஆன்டெனாவை 137 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் எல்லா எண்ணும் கடுமையாகும். கதிர்வீச்சு மின்தடை 0.031 ஓம். காயில் 7 மில்லிஹென்றி. நன்றாகச் சுற்றினாலும் 20 ஓம் தின்னும். மண் இழப்பு இங்கே பொதுவாகக் கூடுதல். 60 ஓம் என்று வைப்போம். 1 வாட் இஐஆர்பிக்கு 3.26 ஆம்பியரும் 850 வாட்டும் தேவை. ஆன்டெனாவில் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 20,000 வோல்ட். காயில் மட்டும் 200 வாட் சூட்டை வெளியேற்றவேண்டும். அந்த மின்னழுத்தத்தில் கம்பியின் கூரிய நுனியிலிருந்து ஊதா நிறத்தில் கொரோனா கசியும், இரவில் சீறும் சத்தம் கேட்கும். நுனிகளை வளையமாக மடித்து முடிப்பது அதற்காகத்தான்.

இந்தப் பாதையில் போகவேண்டாம். 100 வாட் போடுங்கள்: 1.1 ஆம்பியர், 6,800 வோல்ட், 0.12 வாட் இஐஆர்பி. உச்சவரம்புக்கு 9 டெசிபெல் கீழே. அந்த 9 டெசிபெல்லையும் 1,800 வினாடி எஃப்எஸ்டி4டபிள்யூ திருப்பிக் கொடுத்துவிடும், பெட்டிக்குள் எதுவும் எரியாமல். ட்யூனிங் மட்டும் கூர்மையாகும்: ஆன்டெனாவின் அலைவரிசை அகலம் 1.8 கிலோஹெர்ட்ஸ்தான், மழைத்தூறல் விழுந்தாலே வேரியோமீட்டரைத் தொடவேண்டிவரும்.

எப்போது கேட்கும்

475 கிலோஹெர்ட்ஸ் பகலில் தரையை ஒட்டித்தான் போகும்; அயனிமண்டலத்தின் 'டி' (D) அடுக்கு வான்வழி அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, மேலடுக்கிலிருந்து திரும்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை எட்டுகிறது. 137-ல் பகல் இரவு வேறுபாடு இதைவிடக் குறைவு.

கேட்கும் பக்கத்தில் எதிரி, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சுவிட்ச் மின்வழங்கிகள் இந்த அதிர்வெண்களிலேயே இயங்குபவை. மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் ரிசீவரை ஓட்டி, இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் வீட்டின் பங்கு தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுக்கொண்டே வந்தால் குற்றவாளி அகப்படும். கேட்பதற்கென்று தனியாக ஒரு மீட்டர் விட்ட வளைய ஆன்டெனாவைத் தோட்டத்தின் கடைக்கோடியில் வைத்து, இரைச்சல் வரும் திசைக்கு அதன் முகத்தைத் திருப்பி ஒதுக்குவது, ஒலிபரப்பும் பெரிய கம்பியிலேயே கேட்பதைவிட எப்போதும் மேலானது.

இயற்கை இரைச்சலுக்கு மருந்தில்லை. மின்னலின் சக்தி தாழ் அதிர்வெண்களில்தான் அதிகம், வெப்பமண்டலத்தில் அது உச்சம். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாத மாலை இடியிலும், அக்டோபர், நவம்பர் பருவமழையிலும் ரிசீவரின் திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகளாக இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன்வரை உள்ள நேரம்தான் இங்கே திரை கருமையாக, அமைதியாக இருக்கும்.